ஹார்மோனிக்ஸ் மிகுந்த 33 கேவி ஃபீடரில் டிஎஃப்ஐஜி: 300 ஹெர்ட்ஸ் ரெசனன்ட் கன்ட்ரோலர் சேர்த்ததும் டிரிப் ஆகிறது

ஆரல்வாய்_காற்று:
முப்பந்தல் பக்கம் ஒரு 2 மெகாவாட் டிஎஃப்ஐஜி (ஸ்டேட்டர் நேரடியாகவும் ரோட்டார் கன்வெர்ட்டர் வழியாகவும் கிரிட்டில் சேரும் காற்றாலை ஜெனரேட்டர்). கன்வெர்ட்டருக்குப் புது கன்ட்ரோல் கார்டு போட்டிருக்கிறோம், சாஃப்ட்வேரும் எங்களுடையதுதான். அதே 33 கேவி பஸ்ஸில் பழைய 250 கிலோவாட் நிலைவேக மெஷின்கள் 60 வரை ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 100 கேவிஏஆர் கெபாசிட்டர். விவரம்:

690 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 போல். ஸ்டேட்டர்–ரோட்டார் சுற்று விகிதம் 1:3. லீக்கேஜ் இரண்டும் சேர்த்து 0.2 பெர் யூனிட் (மெஷினின் ரேட்டிங்கை 1 என்று வைத்த அளவு). டிசி லிங்க் 1,100 வோல்ட், 20 மில்லிஃபாரட். ஸ்விட்சிங் 2.5 கிலோஹெர்ட்ஸ், சாம்ப்ளிங் 5 கிலோஹெர்ட்ஸ். கரண்ட் சென்சாருக்குப் பின்னால் 2 கிலோஹெர்ட்ஸ் ஆர்சி ஃபில்டர். ரோட்டார் கரண்டைக் கட்டுப்படுத்தும் பிஐ லூப் 150 ஹெர்ட்ஸ், கிரிட் வோல்டேஜின் கோணத்தைப் பின்தொடரும் பிஎல்எல் 30 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் 2.5 எம்விஏ, 6% இம்பீடன்ஸ்.

690 பஸ்ஸில் 5-ஆம் ஹார்மோனிக் (50-இன் ஐந்து மடங்கு, 250 ஹெர்ட்ஸ்) 3.9%, 7-ஆவது 2.1%. 1,800 ஆர்பிஎம்மில் முழு லோடு ஓடும்போது ஸ்டேட்டரில் அடிப்படை மின்னோட்டம் 1,395 ஆம்பியர். அதோடு 5-ஆவது 84, 7-ஆவது 32 ஆம்பியர். ஜெனரேட்டரில் 300 ஹெர்ட்ஸ் ரீங்காரம் காது கூசுகிறது.

டி-க்யூ ஃப்ரேமில் (கிரிட்டோடு சேர்ந்து சுழலும் அச்சில்) பிஐக்கு இணையாக 300 ஹெர்ட்ஸ் ரெசனன்ட் ஒன்று (அந்த ஒரு ஃப்ரீக்வென்ஸியில் மட்டும் பெரிய கெயின் கொடுப்பது) சேர்த்தேன். சில நொடிகளில் ரோட்டார் ஓவர்கரண்ட் டிரிப். கெயினைக் குறைத்தால் டிரிப் தாமதமாக வருகிறது, ஆனால் வராமல் இருப்பதில்லை. பிஎல்எல்தான் காரணமா? இன்னொன்று: ஸ்டேட்டர் கரண்ட், ரோட்டார் கரண்ட், டார்க், பவர் என்று நான்கு இலக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்களே, எதை எடுப்பது?

பிஎல்எல்_பித்தன்:
முதலில் பிஎல்எல்லை மாற்றுங்கள். சாதாரண எஸ்ஆர்எஃப் பிஎல்எல் என்றால் கோணத்திலேயே 300 ஹெர்ட்ஸ் ஏறிவிடும். முன்னால் இரட்டை எஸ்ஓஜிஐ (50 ஹெர்ட்ஸைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர்) போடலாம். கெயின் 1.414 வைத்தால் 5, 7 இரண்டும் ஏறக்குறைய 11 சதவீதமாகச் சுருங்கிவிடும். இல்லையென்றால் 10 மில்லிசெகண்ட் மூவிங் ஆவரேஜ். அது 100 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் மொத்தமாக அழித்துவிடும். 3.33 மில்லிசெகண்ட் ஜன்னல் போதும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் மட்டும்தான். 33 கேவியில் அன்பேலன்ஸ் இல்லாத நாளே கிடையாது.

ஸ்லிப்_மைனஸ்:
இரட்டை எஸ்ஓஜிஐ நல்லதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை. கணக்கைப் பாருங்கள். 5-ஆவது 3.9, 7-ஆவது 2.1, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தாலும் பிஎல்எல் உள்ளீட்டில் 6% ரிப்பிள்தான். 30 ஹெர்ட்ஸ் பேண்ட்வித் அதை 300 ஹெர்ட்ஸில் பத்தில் ஒன்றாக்குகிறது. 0.006 ரேடியன், அதாவது 0.34 டிகிரி. அதனால் கரண்டில் வருவது அதிகபட்சம் 8 ஆம்பியர். உங்களுக்கு வருவது 84. பிஎல்எல் பேண்ட்வித்தை 100 ஹெர்ட்ஸுக்கு மேல் வைத்திருந்தால் மட்டும் சந்தேகப்படலாம்.

84 என்ற எண்ணைக் கவனியுங்கள், அதில்தான் விடை இருக்கிறது. ரோட்டார் பக்கம் ஹார்மோனிக் வோல்டேஜ் எதுவும் கொடுக்காமல் சும்மா இருந்தால், 5-ஆவதுக்கு மெஷின் ஒரு லீக்கேஜ் இன்டக்டர் மட்டுமே. 0.2 × 5 = 1 பெர் யூனிட். ஆக 3.9% வோல்டேஜுக்கு 3.9% கரண்ட். 2 எம்விஏ அடிப்படையில் 1,673 ஆம்பியரில் 3.9% என்றால் 65. மிச்சம் 19 ஆம்பியரை உங்கள் பிஐ இழுத்துவிட்டிருக்கிறது.

எப்படி? லூப் 150 ஹெர்ட்ஸ் என்றால் 300 ஹெர்ட்ஸில் கேபியின் (பிஐயின் ப்ரொபோர்ஷனல் கெயின்) அளவு லீக்கேஜ் ரியாக்டன்ஸில் பாதி. தாமதமே இல்லையென்றால் அது தூய ரெசிஸ்டன்ஸ், கரண்டைக் கொஞ்சம் குறைத்திருக்கும். ஆனால் தாமதம் இருக்கிறது. சாம்ப்ளிங் 200 மைக்ரோசெகண்ட், ஒன்றரை சாம்பிள் 300 மைக்ரோசெகண்ட், 300 ஹெர்ட்ஸில் 32 டிகிரி. ஆர்சி ஃபில்டர் 8.5. மொத்தம் 41 டிகிரி. இந்தப் பின்தங்கலோடு வரும் கேபி, லீக்கேஜ் ரியாக்டன்ஸின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. லீக்கேஜை 1 என்று வைத்தால் மிஞ்சுவது 0.38 ரெசிஸ்டன்ஸும் 0.67 ரியாக்டன்ஸும், மொத்தம் 0.77. 65-ஐ 0.77-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஆரல்வாய்_காற்று:
84.4 வருகிறது! சரி, பிஐ கதை புரிகிறது. ரெசனன்ட் ஏன் டிரிப் ஆக வேண்டும்? 41 டிகிரி தாமதம்தானே, 90-க்குள்தானே இருக்கிறது.

ஸ்லிப்_மைனஸ்:
ரெசனன்ட் பார்க்கும் பின்தங்கல் 41 மட்டும் இல்லை. அது கொடுக்கும் வோல்டேஜ் முதலில் 41 டிகிரி தாமதமாகிறது. பிறகு அதே 0.38, 0.67 இம்பீடன்ஸ் வழியாகக் கரண்டாகிறது. அந்தக் கோணம் 61 டிகிரி. மொத்தம் 102. தொண்ணூறைத் தாண்டிவிட்டால் ரெசனன்ட் பிழையைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்க்கும். கெயினைக் குறைத்தால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த அறிகுறி அதேதான்.

தாமதத்துக்கு மட்டும் 41 டிகிரி முன்தள்ளல் கொடுப்பவர்கள் நிறைய. டிரிப் நின்றுவிடும், ஆனால் 61 டிகிரி பாக்கி. வேகம் பாதியாகிவிடும், மார்ஜினும் மெலிந்து கிடக்கும். கிரிட் இன்டக்டன்ஸ் கொஞ்சம் மாறினால் மறுபடி ஆட்டம். ஃபையை (ரெசனன்ட்டுக்குக் கொடுக்கும் முன்தள்ளல் கோணம்) 100 டிகிரி வையுங்கள். மேல்பகுதியில் "எஸ் பெருக்கல் காஸ் ஃபை, கழித்தல் ஒமேகா பெருக்கல் சைன் ஃபை" என்ற வடிவம். குறியை மாற்றிப் போட்டால் முன்தள்ளல் பின்தள்ளலாகிவிடும். கார்டில் ஏற்றும் முன் சிமுலேஷனில் ஒருமுறை பாருங்கள்.

5-ஆவதுக்கும் 7-ஆவதுக்கும் தனித்தனி வேண்டாம். 5-ஆவது எதிர்த்திசையில் சுழல்வது, 7-ஆவது நேர்திசை. டி-க்யூவில் இரண்டும் 300 ஹெர்ட்ஸாகவே தெரியும். ரோட்டார் சுற்றுக்குள் பார்த்தால் 1,800 ஆர்பிஎம்மில் 310, 290 ஹெர்ட்ஸ். 1,200-இல் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இந்த வித்தியாசத்துக்கு ஃபையை வேகத்தோடு மாற்ற வேண்டிய அவசியமில்லை.

ரெசனன்ட்டின் கெயின்: கேஆர் = 60 × கேபியில் ஆரம்பியுங்கள். ஏறக்குறைய 50 மில்லிசெகண்ட் டைம் கான்ஸ்டன்ட் கிடைக்கும். அதற்கு மேல் வேகம் யாருக்கும் தேவையில்லை.

இசட்_தளம்:
டிஸ்கிரீட் வடிவத்துக்கு எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லவில்லையே. சும்மா டஸ்டின் முறையைப் போட்டிருந்தால் 5 கிலோஹெர்ட்ஸில் 300 என்று நினைப்பது 296.5 ஹெர்ட்ஸில் உட்காரும். 3.5 ஹெர்ட்ஸ்தானே என்று விடக்கூடாது, நொடிக்கு 22 ரேடியன் அது. அந்த இடத்தில் ரெசனன்ட்டின் கெயின் கேபி அளவுக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஸ்லிப்_மைனஸ் சொன்ன கெயினோடு போட்டால் 84 ஆம்பியர் 60-க்கு வரும், அதற்குக் கீழே இறங்காது. "ரெசனன்ட் போட்டும் பலனில்லை" என்று இந்தக் குழுவில் வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் காரணம். ப்ரீவார்ப் செய்யுங்கள் (டஸ்டின் நகர்த்தும் அளவை முன்கூட்டியே ஈடு செய்வது).

அடுத்தது டேம்பிங். கீழே "2 × ஒமேகா சி × எஸ்" என்ற உறுப்பு போடுவீர்கள் இல்லையா, உச்சியில் கெயின் கேஆரை அந்த 2 ஒமேகா சியால் வகுத்தது. ஒமேகா சி 5 வைத்தால் உச்சிக் கெயின் 6 கேபி, ஹார்மோனிக்கில் ஐந்தில் ஒன்று மிஞ்சும். 1 வைத்தால் ஐந்து சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் அப்போது ஃப்ரீக்வென்ஸியைப் பின்தொடர வைத்தே ஆக வேண்டும். கிரிட்டில் 0.1 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஆறாம் மடங்கில் 0.6, அதாவது நொடிக்கு 3.8 ரேடியன். நிலையான 300-இல் உட்கார்ந்திருக்கும் குறுகிய ரெசனன்ட் அதைத் தவறவிட்டுவிடும். பிஎல்எல் ஃப்ரீக்வென்ஸியை 1 ஹெர்ட்ஸ் லோபாஸில் வடிகட்டி, கோஎஃபிஷியண்ட்டை 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். வடிகட்டாமல் கொடுக்காதீர்கள்.

டார்க்_ரிப்பிள்:
நான்கு இலக்கு கேள்விக்கு வருகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் நான்கையும் சம எடையில் வைப்பார்கள், ஏதோ ஒன்றை எடுத்தால் மற்ற மூன்றையும் இழப்போம் என்பதுபோல. எண்ணைப் போட்டால் அப்படி இல்லை.

ஸ்டேட்டர் கரண்டைச் சுத்தமான சைன் ஆக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். டார்க் என்பது ஸ்டேட்டர் ஃப்ளக்ஸும் ஸ்டேட்டர் கரண்டும் சேர்ந்தது. ஃப்ளக்ஸில் ஹார்மோனிக் எவ்வளவு? வோல்டேஜை ஹார்மோனிக் எண்ணால் வகுத்த அளவு. 3.9-ஐ 5-ஆல் வகுத்தால் 0.8%, 2.1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.3%. ஆக டார்க் ரிப்பிள் 1.1%. இப்போது உங்களிடம் இருப்பது 84 + 32 ஆம்பியர், 1,395-இல் 8%. கரண்டைச் சுத்தம் செய்த கையோடு டார்க்கும் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. ரோட்டார் கரண்டும் கிட்டத்தட்ட சைன் ஆகிவிடும், ஏனென்றால் வித்தியாசம் மேக்னடைசிங் கரண்டில் இருக்கும் ஹார்மோனிக் மட்டுமே, அது 0.2 சதவீதம் போல.

மிஞ்சுவது பவர் ரிப்பிள். வோல்டேஜில் 6% இருக்கும்போது சைன் கரண்ட் கொடுத்தால் பவரில் 6% ஆடத்தான் செய்யும். ஆடட்டும். 300 ஹெர்ட்ஸ் பவர் ரிப்பிளால் யாருக்கு என்ன நஷ்டம்? டிசி லிங்க்கைப் பார்த்துப் பயப்படுவார்கள். கிரிட் பக்கக் கன்வெர்ட்டர் 333 கிலோவாட் கொடுக்கிறது, அதில் 6% என்றால் 20 கிலோவாட். 20 மில்லிஃபாரட், 1,100 வோல்ட்டில் அது ஏறக்குறைய அரை வோல்ட் ரிப்பிள், ரோட்டார் பக்கத்திலிருந்து வருவதைச் சேர்த்தாலும் சில வோல்ட்தான். விடுங்கள்.

33கேவி_பஸ்:
கன்ட்ரோல்காரர்கள் பேசி முடித்தால் கிரிட் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாமா? 690-இல் அளந்த 3.9% என்பது உங்கள் மெஷின் 84 ஆம்பியரை உறிஞ்சிய பிறகு மிஞ்சியது. டிரான்ஸ்ஃபார்மர் 6%, 2 எம்விஏ அடிப்படையில் 0.048. மெஷின் 0.2 × 0.77 = 0.154. பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே 5% இருக்கிறது. ரெசனன்ட் வேலை செய்து கரண்டை நிறுத்தியதும் 690 பஸ்ஸிலும் 5% ஏறும். "கன்ட்ரோலர் போட்டேன், வோல்டேஜ் கெட்டுவிட்டது" என்று திரும்பி வராதீர்கள்.

33 கேவியில் 5% என்பதே விதிமீறல். மத்திய மின்சார ஆணையத்தின் 2007 இணைப்புத் தரவிதிகளின்படி வோல்டேஜ் மொத்தத் திரிபு 5%, தனி ஹார்மோனிக் 3% மட்டும். முதலில் 33 கேவியில் ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள். சாதாரண எலக்ட்ரோமேக்னடிக் பிடி (வோல்டேஜ் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் 5, 7-ஐ நம்பலாம். மேலே 110 கேவியில் கெபாசிட்டர் வகை சிவிடி இருந்தால் அதன் ஹார்மோனிக் அளவு நம்பத் தகுந்ததில்லை.

காரணம் அந்த 60 பழைய மெஷின்கள்தான் என்று நினைக்கிறேன். பஸ்ஸின் ஷார்ட் சர்க்யூட் 150 எம்விஏ என்று வைத்தால், அதை 60 கெபாசிட்டர்களின் 6 எம்விஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், ரெசனன்ஸ் நிற்கும் ஹார்மோனிக் வரும்: சரியாக 5. பாதி மெஷின் மட்டும் ஓடினால் 7.07. காற்று ஏற ஏற ரெசனன்ஸ் 7-இலிருந்து 5-க்கு நடந்து வருகிறது.

இசட்_தளம்:
அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது சார். ஓடும் ஒவ்வொரு இன்டக்‌ஷன் ஜெனரேட்டரும் ஹார்மோனிக்குக்கு ஒரு லீக்கேஜ் இன்டக்டர்; 250 கிலோவாட்டை 0.2-ஆல் வகுத்தால் 1.25 எம்விஏ. 60 மெஷின் 75 எம்விஏவை ஷார்ட் சர்க்யூட்டோடு சேர்க்கிறது. 225-ஐ 6-ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 6.1. 30 மெஷின் ஓடும்போது 7.9. அப்படியானால் முதலில் 7-ஆவது பெருகி, எல்லாம் ஓடும்போது 5-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கும்.

33கேவி_பஸ்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த மெஷின்களின் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் கெபாசிட்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தொடராக நிற்கின்றன. அது ரெசனன்ஸை மறுபடி கீழே இழுக்கும். காற்று விழுந்து மெஷின் கழன்ற பிறகும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டு கெபாசிட்டர் மட்டும் லைனில் இருக்கும் கேஸ்களும் உண்டு. அப்போது கெபாசிட்டர் இருக்கும், லீக்கேஜ் இருக்காது. காகிதத்தில் வாதம் செய்வதைவிட, எத்தனை மெஷின் ஓடும்போது 5-ஆவது எவ்வளவு என்று ஒரு வாரம் லாகர் போட்டால் உச்சி எங்கே என்று தெரிந்துவிடும்.

ஸ்லிப்_மைனஸ்:
5% என்று தெரிந்த பிறகு ரோட்டார் வோல்டேஜையும் மறுபடி பார்க்க வேண்டும். இதை யாரும் கவனிப்பதில்லை. ரோட்டாரில் ஹார்மோனிக் கரண்டை நிறுத்த, அங்கே தூண்டப்படும் வோல்டேஜுக்குச் சமமாகக் கன்வெர்ட்டர் கொடுக்க வேண்டும். 690-இல் 5% 34.5 வோல்ட். 5-ஆவதுக்கு ஸ்லிப் 1.24, சுற்று விகிதம் 3. ஆக 128 வோல்ட். 7-ஆவதுக்கு 46. அடிப்படை, ஸ்லிப் 0.2-இல் 414. மொத்தம் 588. டிசி 1,100 வோல்ட்டிலிருந்து ஸ்பேஸ் வெக்டர் பிடபிள்யூஎம்மில் கிடைப்பது 778. பிரச்சினை இல்லை.

ஆனால் புயல்காற்றில் 1,950 ஆர்பிஎம் போனால்? அடிப்படை 621, அதோடு 130, 45. 796. உச்சி இடிக்கிறது. டெட் டைம், லீக்கேஜ் டிராப் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. சாச்சுரேட் ஆனால் புதிய ஹார்மோனிக்ஸ் பிறக்கும், ரெசனன்ட்டின் ஸ்டேட் ஊதிப்போகும். அதனால் முன்னுரிமை: முதலில் பிஐ வெளியீடு, மிச்சமிருக்கும் வோல்டேஜுக்குள் மட்டும் ரெசனன்ட் வெளியீடு. லிமிட்டை அடித்தால் ரெசனன்ட்டின் ஸ்டேட்டையும் அதே விகிதத்தில் சுருக்குங்கள். 1,700 வோல்ட் ஐஜிபிடி என்றால் அதிவேகத்தில் டிசியை 1,150-க்கு உயர்த்தலாம், 813 கிடைக்கும். கெபாசிட்டர் பேங்க்கின் ரேட்டிங்கைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கெபாசிட்டர்_பேனல்:
ஒரு மாற்றுக் கருத்து. எல்லா டிஎஃப்ஐஜியும் இப்படி ஹார்மோனிக் கரண்டை மறுத்தால் ஃபீடர் என்ன ஆகும்? இப்போது அவை கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. கதவைச் சாத்தினால் மிச்சம் பழைய மெஷின்களின் கெபாசிட்டர்கள் தலையில் விழும். அவை ஏற்கெனவே உப்பிக்கொண்டிருக்கும்.

கிரிட் பக்கக் கன்வெர்ட்டரை 5, 7-க்கு மட்டும் ஒரு ரெசிஸ்டர்போல நடக்க வையுங்கள். 500 ஆம்பியர் கன்வெர்ட்டரில் முழு லோடிலும் 280 போலத்தான் ஓடுகிறது. ஃபேஸுக்கு அரை ஓம் என்றால் 5% வோல்டேஜுக்கு 40 ஆம்பியர், தாராளமாகத் தாங்கும்.

33கேவி_பஸ்:
ஒரே மெஷினில் செய்து பலன் எதிர்பார்க்காதீர்கள். அரை ஓம் என்பது 2.1 பெர் யூனிட். அந்த பஸ்ஸின் ரெசனன்ஸ் இம்பீடன்ஸ் இதே அடிப்படையில் 0.05 சொச்சம். க்யூ (ரெசனன்ஸின் கூர்மை) 40 பக்கம் நிற்கும். கேபிளும் லோடும் அதைவிட நன்றாகவே டேம்ப் செய்யும். ஐந்து மெஷின் சேர்ந்து செய்தால் க்யூ 8, அப்போது வித்தியாசம் தெரியும். அங்கேயும் ஸ்லிப்_மைனஸ் சொன்ன தாமதம் வரும். ஈடு செய்யாவிட்டால் உங்கள் ரெசிஸ்டர் பாதி கெபாசிட்டராகவோ இன்டக்டராகவோ நடந்து, ரெசனன்ஸை வேறு இடத்துக்குத் தள்ளிவிடும்.

ஆரல்வாய்_காற்று:
ப்ரீவார்ப், ஃபை 100 டிகிரி, கேஆர் 60 × கேபி, ஒமேகா சி 1, ஃப்ரீக்வென்ஸி பின்தொடரல் எல்லாம் போட்டு ஏற்றியாயிற்று. டிரிப் இல்லை. 1,800 ஆர்பிஎம்மில் 5-ஆவது 6 ஆம்பியர், 7-ஆவது 3. ரீங்காரம் காதில் விழவில்லை. 690 பஸ்ஸில் 5-ஆவது 4.8%-க்கு ஏறியிருக்கிறது, 33கேவி_பஸ் சார் சொன்னபடியே.

இரண்டு சந்தேகம். கிரிட் வோல்டேஜ் டிப் வரும்போது ரெசனன்ட்டை என்ன செய்வது? பழைய மெஷின் உரிமையாளர்களிடம் கெபாசிட்டர் பற்றிப் பேசப் போகிறோம், என்ன கேட்பது?

ஸ்லிப்_மைனஸ்:
டிப்பில் ஸ்டேட்டர் ஃப்ளக்ஸில் டிசி கூறு வரும். டி-க்யூவில் அது 50 ஹெர்ட்ஸாகத் தெரியும், கூடவே அன்பேலன்ஸால் 100 ஹெர்ட்ஸ். 300 ரெசனன்ட்டுக்கு அதில் வேலை இல்லை, ஆனால் தேவையான வோல்டேஜைத் தின்னும். பாசிட்டிவ் சீக்வன்ஸ் 0.9-க்குக் கீழே போனதும், அல்லது கிரோபார் (ரோட்டாரை ஷார்ட் செய்து கன்வெர்ட்டரைக் காக்கும் சுற்று) சுட்டதும், ரெசனன்ட்டின் இரண்டு ஸ்டேட்டையும் பூஜ்யமாக்கி நிறுத்துங்கள். உறைய வைக்காதீர்கள், பழைய ஃபேஸில் உறைந்தது வோல்டேஜ் திரும்பும்போது தப்பான திசையில் உதைக்கும். வோல்டேஜ் திரும்பி 200 மில்லிசெகண்ட் கழித்து, கெயினைப் பூஜ்யத்திலிருந்து 100 மில்லிசெகண்டில் ஏற்றுங்கள்.

கெபாசிட்டர்_பேனல்:
7% டீடியூனிங் ரியாக்டர் (கெபாசிட்டரோடு தொடரில் போடும் இன்டக்டர்) கேளுங்கள். 50-ஐ 0.07-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 189 ஹெர்ட்ஸ். 250-இல் அந்த பேங்க் இன்டக்டராகத்தான் தெரியும், ரெசனன்ஸ் 5-க்குக் கீழே போய்விடும். பழைய கெபாசிட்டரையே வைத்து ரியாக்டரை மட்டும் சேர்க்க விடாதீர்கள். 400 வோல்ட் லைனில் 7% ரியாக்டருக்குப் பின்னால் கெபாசிட்டர் முனையில் 430 வோல்ட் நிற்கும், 5-ஆவதும் மேலே ஏறும். 415 வோல்ட் கெபாசிட்டர் அங்கே ஒரு சீசனைத் தாண்டாது. 480 அல்லது 525 வோல்ட் ரேட்டிங் வாங்கி, கேவிஏஆரை வோல்டேஜ் வர்க்க விகிதத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்: 525 வோல்ட் தகட்டில் 160 என்று இருப்பது 400 வோல்ட்டில் 93-தான், ரியாக்டரோடு சேர்த்தால் 100.

பேனலுக்குள் இடத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். ரியாக்டர் கெபாசிட்டரைவிடப் பல மடங்கு சூடாகும். டவருக்குள் கெபாசிட்டருக்கு நேர் கீழே வைத்தால் மேலே இருப்பது வெந்துபோகும். மேலே ரியாக்டர், கீழே கெபாசிட்டர், ரியாக்டர் உடம்பில் தெர்மல் ஸ்விட்ச், அதன் என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்ட் கெபாசிட்டர் கான்டாக்டரின் காயிலோடு தொடரில். 60 மெஷினையும் ஒரே சமயத்தில் மாற்றப் பணம் இருக்காது. பாதி மாற்றிய நிலையில் ரெசனன்ஸ் எங்கே நிற்கும் என்பதை 33கேவி_பஸ் சொன்ன லாகரை வைத்துப் பார்த்துவிட்டு, எந்த வரிசையில் மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.